இரண்டாம் நிலைக் காட்டில் பெரணிகள்: பட்டியலின் நீளம் சொல்வதும் மறைப்பதும்

வெட்டி அழிக்கப்பட்ட வெப்பமண்டலக் காடு முப்பது நாற்பது ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிட்டது என்று செய்தி வரும்போது, கூடவே ஒரு கூற்றும் அடிக்கடி வரும்: பெரணி இனங்களின் எண்ணிக்கை முதிர்ந்த காட்டுக்கு இணையாக இருக்கிறது. அதே காட்டைப் பற்றிய இன்னோர் அறிக்கை, பெரணி மண்டிக் கிடப்பதால் காடு எழ முடியவில்லை என்று சொல்லும். படிப்பவர் குழம்புவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். முதல் அறிக்கை இனங்களை எண்ணுகிறது. இரண்டாவது, ஒரே ஓர் இனம் பிடித்துக்கொண்ட பரப்பைப் பார்க்கிறது. காடு எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டுமே நேர்ப் பதில் இல்லை. எந்தப் பெரணி, காட்டின் எந்த அடுக்கில், எந்தப் பொருளின் மேல் வளர்கிறது என்று பார்த்தால்தான் அந்தப் பதில் கிடைக்கும். அதைப் புரிந்துகொள்ளப் பெரணியின் வாழ்க்கைச் சுழற்சியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், காட்டின் வரையறையைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

## எது இரண்டாம் நிலைக் காடு

முதிர்ந்த காடு முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ அகற்றப்பட்ட நிலத்தில் தானாக முளைத்து எழும் காடே இரண்டாம் நிலைக் காடு. அகற்றியது பயிர்ச்செய்கையாக இருக்கலாம். மேய்ச்சல், தீ, முழு வெட்டு எதுவாகவும் இருக்கலாம். வரிசையில் நட்டு வளர்த்த மரத்தோட்டம் இதில் சேராது. பெரிய மரங்களை மட்டும் தேர்ந்து வெட்டிய காடும் சேராது. பின்னதைச் சேர்த்துவிடுவது பெரணிக் கணக்கில் மோசமான பிழை. தேர்ந்து வெட்டிய காட்டில் எஞ்சிய பழைய மரங்களின் கிளைகளில், நூற்றாண்டுக்காலமாகச் சேர்ந்த பாசிப் படுகைகளும் அவற்றில் ஊன்றிய பெரணிகளும் அப்படியே இருக்கும். அதை "இரண்டாம் நிலைக் காடு" என்று பட்டியலிட்டால், நிலம் கைவிடப்பட்ட இருபதே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிட்டதுபோல் தோன்றும்.

காட்டின் வயதை, நிலம் கைவிடப்பட்ட ஆண்டிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஆனால் வயது ஒன்றே போதாது. இரண்டு மூன்று பருவம் பயிர் வைத்துவிட்டு விட்ட நிலத்தில் அடிமரங்கள் துளிர்க்கும், மண்ணில் விதைகளும், பெரணிகள் பரவ உதவும் நுண்துகள்களான ஸ்போர்களும் மிஞ்சியிருக்கும். பலமுறை தீ வைத்து, மாடு மேய்த்து, மண் இறுகிப்போன நிலம் வேறு. இரண்டுக்கும் வயது 25 என்றாலும் ஒரே காடாக இருக்காது.

மரங்களைப் பொறுத்தவரை மீட்சியின் வேகம் நன்றாகவே அளக்கப்பட்டிருக்கிறது. 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, 77 இடங்களில் 12 பண்புகளை ஒப்பிட்டது. மண் வளம் 10 ஆண்டுகளுக்குள் முதிர்ந்த காட்டின் நிலையை நெருங்கியது. இலை, மரக்கட்டை போன்றவற்றின் செயல்சார்ந்த பண்புகளுக்கு 25 ஆண்டுகளுக்குள், காட்டின் கட்டமைப்புக்கும் இனங்களின் எண்ணிக்கைக்கும் 25 முதல் 60 ஆண்டுகள், உயிர்நிறைக்கும் (மரங்களின் மொத்த எடை) இனக்கலவைக்கும் (எந்தெந்த இனங்கள், எந்த அளவில்) 120 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எண்ணிக்கைக்கும் கலவைக்கும் இடையே உள்ள இந்தப் பெரிய இடைவெளியைக் கவனியுங்கள். பெரணிகளிலும் அதே இடைவெளி உண்டு, காரணம்தான் வேறு.

## ஒரு செடி, இரண்டு வாழ்க்கை

2016-இல் பெரணி வகைப்பாட்டாளர்கள் கூட்டாக வெளியிட்ட பட்டியலின்படி உலகில் 10,578 பெரணி இனங்கள் உள்ளன. அவற்றோடு சேர்த்துப் பேசப்படும் லைக்கோஃபைட்டுகள் 1,338 இனங்கள்: லைக்கோபோடியம், செலாஜினெல்லா, ஐசாயிட்டிஸ் வகையினர். இவை பெரணிகள் அல்ல, தனிப் பரம்பரை. ஆனாலும் களக் கணக்கெடுப்பில் பெரும்பாலும் ஒன்றாகவே எண்ணப்படும். ஓர் ஆய்வில் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் வந்த எண்களை அருகருகே வைத்தால், செலாஜினெல்லா நிறைந்த ஈரக்காடுகளில் வித்தியாசம் கணிசமாகவே இருக்கும்.

பெரணிக்குப் பூ இல்லை, விதை இல்லை. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகளாக, கோடுகளாகத் தெரிபவை சோரைகள், அதாவது ஸ்போர்கள் உருவாகும் சிறு பைகளான ஸ்போரகங்களின் தொகுப்பு. பெரும்பாலான பெரணிகளில் ஒரு ஸ்போரகத்தில் 64 ஸ்போர்கள் இருக்கும். ஸ்போரகத்தைச் சுற்றித் தடித்த சுவருடைய செல்களால் ஆன ஒரு வளையம் உண்டு. காற்று உலரும்போது அந்தச் செல்களில் உள்ள நீர் ஆவியாகி, வளையம் பின்னோக்கி வளையும். நீரின் இழுவிசை ஓர் எல்லையைத் தாண்டியதும் செல்களுக்குள் குமிழி உண்டாகி, வளையம் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும். அந்த வேகத்தில் ஸ்போர்கள் வீசப்படும். தூசு அளவே உள்ள அவற்றைப் பிறகு காற்று கொண்டுபோகும்.

ஈர இடத்தில் விழும் ஸ்போர் நேரடியாகப் பெரணியாக முளைப்பதில்லை. முதலில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள, பல இனங்களில் இதய வடிவமான பச்சைத் தகடு உருவாகும். இதுவே புரோதாலஸ் எனப்படும் கேமீட்டகத் தாவரம். விந்தணுவும் முட்டையும் இதில்தான் உண்டாகின்றன. விந்தணு நீந்திச் செல்ல நீர்ப் படலம் வேண்டும். கருவுற்ற பிறகே நாம் பெரணி என்று அறியும் செடி, அதாவது ஸ்போரகத் தாவரம், அதன் மேல் முளைக்கும்.

இதனால் விளைவது என்ன?

1. ஒரு பெரணி இனம் ஓரிடத்தில் நிலைக்க இரண்டு தேர்வுகளைத் தாண்ட வேண்டும். வளர்ந்த செடி தாங்கும் வெயிலையும் வறட்சியையும் தகடு தாங்காமல் போகலாம்.
2. தகடு மிகச் சிறியது. ஓர் அகன்ற இலை அதன்மேல் விழுந்தால் போதும், ஒளி அற்றுச் செத்துவிடும். சமதளத் தரையில் சருகு அடர்ந்த இளங்காட்டில் பெரணி நாற்றுகள் அரிதாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.
3. ஆகவே நாற்றுகளைத் தேட வேண்டியது சருகு தங்காத இடங்களில்: ஓடைக் கரையின் செங்குத்து மண், வேரோடு சாய்ந்த மரம் கிளப்பிய மண்மேடு, மக்கும் பெருமரத் தண்டு, பாறை முகம், மரப்பெரணியின் நார்த் தண்டு. இவை முதிர்ந்த காட்டில் நிறைய. உழுது சமப்படுத்திய நிலத்தில் எழுந்த இளங்காட்டில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சாய்ந்து விழும் அளவுக்கு அங்கே மரங்கள் இன்னும் பருக்கவில்லை.

மரக்கிளைகளில் வளரும் இனங்களின் தகடுகள் தரைவாழ் இனங்களின் தகடுகளைவிட உலர்வை நன்றாகத் தாங்கும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. அவற்றுக்குச் சருகு பெரிய தொல்லை இல்லை. தொற்றிக்கொள்ளும் பரப்புக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

## வந்து சேர்வது எளிது, தங்குவது கடினம்

பெரணிகளை மரங்களோடு ஒப்பிடும்போது கவனிக்க வேண்டிய அடிப்படை வேறுபாடு இதுதான். பெரிய விதையுள்ள மரம் ஓர் இளங்காட்டில் இல்லையென்றால் காரணம் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அங்கே வளர ஏற்ற சூழல் இல்லாமல் இருக்கலாம், அல்லது விதையைக் கொண்டுவர வேண்டிய இருவாச்சியோ வௌவாலோ வராமல் போயிருக்கலாம். பெரணிக்கு இரண்டாவது காரணம் பெரும்பாலும் பொருந்தாது. ஸ்போர் வரும். வந்தும் செடி இல்லையென்றால் ஏற்ற இடம் இல்லை என்றே பொருள். காட்டின் உள்சூழலைச் சொல்லும் அளவுகருவியாகப் பெரணிகள் பயன்படுவது இதனால்தான்.

ஸ்போர் எவ்வளவு எளிதாக வரும் என்பதற்குக் கிரக்கதோவா சான்று. 1883-இல் வெடித்த எரிமலைத் தீவு அது. 1886-இல் தாவரவியலாளர் மெல்கியோர் டிரோய்ப் அங்கே சென்றபோது சாம்பல் படர்ந்த உள்நிலத்தில் 11 பெரணி இனங்களைக் கண்டார். உட்பகுதியின் தாவரங்களில் அவையே மேலோங்கியிருந்தன. கடலைத் தாண்ட மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலமே ஆகியிருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்துப் பாறை அடுக்கின் மேல், பல இடங்களில் பெரணி ஸ்போர்கள் திடீரென்று மலிந்து காணப்படுகின்றன. வெற்று நிலத்தை முதலில் பிடிக்கும் கூட்டத்தில் பெரணிகளும் உண்டு.

ஆனால் இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. அவற்றை மறந்தால் தவறான முடிவுக்கு வருவோம்.

1. சவ்வுபோல் மெல்லிய இலையுள்ள சவ்வுப் பெரணிகள், பெரும்பாலும் மரங்களில் தொற்றி வளரும் சிறிய கிராமிட்டிட் பெரணிகள், ஆஸ்முண்டா என்னும் பேரினம் ஆகியவற்றின் ஸ்போர்கள் பச்சையம் உள்ளவை. உடனே முளைக்கும், ஆனால் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ உயிர்ப்பை இழக்கும். பழுப்பு ஸ்போர்கள்போல ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருக்க முடியாது.
2. ஒரே ஒரு ஸ்போர் வந்து முளைத்தால், அந்தத் தகடு தன் முட்டையைத் தன் விந்தணுவாலேயே கருவுறச் செய்ய வேண்டும். சில இனங்கள் இதைத் தாங்கும். பலவற்றில் நாற்றுகள் நலிந்து சாகும். அந்த வகையினருக்கு அருகருகே பல ஸ்போர்கள் விழ வேண்டும். முதிர்ந்த தகடு வெளியிடும் ஒரு ஹார்மோன், பக்கத்திலுள்ள இளந்தகடுகளை ஆணாக மாற்றும் ஏற்பாடும் பல இனங்களில் உண்டு. அதுவும் கூட்டமாக இருந்தால்தான் பயன் தரும்.
3. ஸ்போர்களில் பெரும்பகுதி தாய்ச் செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே விழுகிறது. தொலைவு போவது சிறு பங்குதான். காடழிந்த பெரும்பரப்பின் நடுவே உள்ள துண்டுக்காட்டில், மேற்சொன்ன இரண்டு குறைகளும் உள்ள இனங்களுக்குத் தொலைவும் தடையாகும்.

## யார் முதலில், யார் கடைசியில்

வெட்டவெளி மண்ணில் முதலில் வருவோர் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே முகங்கள்: அடிப்பக்கம் வெண்பொடி பூசிய பிட்டிரோகிராமா கலோமெலானோஸ், டெரிஸ் விட்டாட்டா, நெஃப்ரோலெபிஸ் இனங்கள், கொடியாக ஏறும் லைகோடியம், ஆசியாவில் பிளெக்னம் ஓரியன்டேல், பிறகு புதர் கட்டும் டைக்ரனோப்டெரிஸும் டெரிடியமும். பிட்டிரோகிராமாவும் டெரிஸ் விட்டாட்டாவும் ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பவை. சுரங்கக் கழிவு மேடுகளிலும் இவை முளைப்பதில் வியப்பில்லை.

மர விதானம், அதாவது மரங்களின் மேற்கூரை, மூடியதும் இந்த வெயில் கூட்டம் மெலியும். நிழல் இனங்களோ இன்னும் முழுதாக வந்திருக்காது. அதனால் விதானம் மூடிய முதல் ஆண்டுகளில் தரைப் பெரணிகளின் பட்டியல் சுருங்குவது வழக்கம். அதைப் பார்த்துக் காடு கெடுகிறது என்று முடிவுகட்டுவது தவறு. பிறகு தெலிப்டெரிஸ் குடும்பத்தார், டெக்டாரியா, அடியாண்டம், டெரிஸின் நிழல் இனங்கள் வரும். ஈரமான பகுதிகளில் சயாத்தியா போன்ற மரப்பெரணிகள், விதான இடைவெளிகளிலும் ஓடையோரங்களிலும் எழும். பெரணிகள் மங்கலான ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளக் காரணமாகச் சொல்லப்படுவது நியோகுரோம் என்னும் ஒளியுணர் புரதம். அதற்கான மரபணு, கொம்புப் பாசிகள் எனப்படும் ஹார்ன்வொர்ட்டுகளிடமிருந்து பெரணிகளுக்குத் தாவியது என்று 2014-இல் காட்டப்பட்டது.

மரத்தின் மேலே நடப்பதுதான் உண்மையில் நீண்ட கதை. பெரணி இனங்களில் ஏறக்குறைய கால்பங்குக்கு மேல் தொற்றுத் தாவரங்கள், அதாவது உணவை உறிஞ்சாமல் மரத்தின்மேல் ஊன்றி மட்டும் வாழ்பவை. இவற்றின் வரவு மரத்தின் வயதையும் காற்றின் ஈரத்தையும் நம்பியிருக்கிறது.

முதலில் வறட்சியைத் தாங்குபவை வரும்: தடித்த இலையும் செதில் மூடிய தண்டும் உள்ள பைரோசியா, சருகைப் பிடித்துவைக்கும் தனி இலைகளை உருவாக்கும் டிரைனேரியா, அமெரிக்க வெப்பமண்டலத்தில் மைக்ரோகிராமா, பிளியோபெல்டிஸ். இவை சாலையோர மரத்திலும் வாழும். எனவே இவற்றைப் பார்த்துக் காட்டின் தரத்தைச் சொல்ல முடியாது.

பறவைக்கூட்டுப் பெரணியான அஸ்பிளீனியம் நிடஸ் நடுநிலையில் நிற்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள தானும் பள்ளத்தாக்கில் ஆய்ந்தபோது, 200 கிலோ வரை எடையுள்ள இப்பெரணிகளுக்குள் வாழும் பூச்சி முதலிய சிற்றுயிர்களின் மொத்த எடை, விதானத்தின் மற்றப் பகுதி முழுவதிலும் இருப்பதற்கு ஏறக்குறைய இணையாக இருந்தது; 2004-இல் வெளியான அந்த முடிவு, மழைக்காட்டு விதானத்தின் சிற்றுயிர்க் கணக்கை இரட்டிப்பாக்கியது. இளங்காட்டிலும் இந்தப் பெரணி இருக்கும். எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில்கூடத் தாராளமாக வளரும். ஆனால் அந்தப் பருமன் வரப் பெருங்கிளையும் பல்லாண்டும் வேண்டும். இனப்பட்டியலில் இரண்டு காடுகளும் ஒரே பெயரைக் காட்டும். ஒன்றில் கைப்பிடியளவு செடி, மற்றதில் ஓர் உயிர்க்கூட்டமே குடியிருக்கும் மேடை. பட்டியல் மறைப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கடைசியில் வருபவை சவ்வுப் பெரணிகள். நரம்பு தவிர்த்த இலைப்பரப்பு பெரும்பாலான இனங்களில் ஒரே செல் தடிமன். இலைத்துளைகள் இல்லை, நீரிழப்பைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. காற்று ஈரமாக இருக்கும்வரை வாழும். விதானத்தில் ஓட்டை விழுந்து உச்சி வெயில் சில மணி நேரம் எட்டினாலே பல இனங்கள் சுருண்டுவிடும். பாசி மூடிய பழைய பட்டை, ஓடைப் பாறை, மரப்பெரணியின் வேர்நார் போர்த்திய தண்டு ஆகியவை இவற்றின் இடம். மரப்பெரணிகளிலும் ஒரு நுட்பம் உண்டு: உலர்ந்த இலைகளை உதிர்க்காமல் தண்டைச் சுற்றிப் பாவாடையாகத் தொங்கவிடும் இனங்களில் தொற்றிகள் ஏறுவது கடினம், சுத்தமாக உதிர்ப்பவற்றிலும் நார் போர்த்தியவற்றிலும்தான் சவ்வுப் பெரணிகளைத் தேட வேண்டும்.

## புதர் கட்டி நிற்கும் பெரணி

இரண்டாவது அறிக்கையின் குற்றச்சாட்டு இங்கே வருகிறது. ஆசிய, பசிபிக் பகுதிகளில் டைக்ரனோப்டெரிஸ் லீனியாரிஸ், லத்தீன் அமெரிக்காவில் டெரிடியம் இனங்கள் என, தீயும் மேய்ச்சலும் மாறி மாறி வந்த நிலங்களை ஒரே இனம் முழுவதுமாக மூடிக்கொள்வது உண்டு. மரக்கன்று வராமல் ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். தடுக்கும் வழிகள்:

1. அடர்ந்த நிழல். டைக்ரனோப்டெரிஸின் இலை நுனி மொட்டு மீண்டும் மீண்டும் கவைத்து வளர்ந்துகொண்டே போகும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஆளுயரப் பாயாகிவிடும்.
2. மக்காத சருகு. செத்த இலைகள் மெதுவாகவே மக்கும். விதை மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் தங்கி உலரும்.
3. மட்டநிலத்தண்டு. மேலே எரித்தாலும் டெரிடியத்தின் தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். தீ மரக்கன்றைக் கொல்லும், பெரணியைப் புதுப்பிக்கும். உலர்ந்த இலைகளே அடுத்த தீக்கு எரிபொருள்.
4. பறவை வந்து உட்காரக் கிளை இல்லை. அதனால் விதையும் வருவதில்லை.

இதை அகற்ற முயல்வோர் வழக்கமாகச் செய்யும் பிழை, ஒருமுறை வெட்டிவிட்டு நிறுத்துவது. தண்டில் சேமித்த மாச்சத்தால் சில வாரங்களில் புதிய இலைகள் எழும். இலை முழுதாக விரிந்து, தண்டுக்கு உணவைத் திருப்பி அனுப்பத் தொடங்கும் முன் வெட்ட வேண்டும். அடுத்த இலை விரிந்ததும் மறுபடி. சேமிப்பு தீரும்வரை இதைத் தொடர வேண்டும். கூடவே நிழல் தரும் மரத்தையும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் வெட்டும் வேலை முடிவில்லாதது. மெக்சிகோவின் சியாப்பாஸில் லக்கந்தோன் மாயா மக்கள், டெரிடியம் பிடித்த நிலத்தில் விரைந்து வளரும் பால்சா மரத்தை வளர்த்து அதன் நிழலால் பெரணியை ஒடுக்கும் முறையைக் கையாள்கிறார்கள். அதைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளியானது. இலங்கையில் சிங்கராஜக் காட்டையொட்டிய டைக்ரனோப்டெரிஸ் நிலங்களில் பெரணியை அகற்றிப் பார்த்தபோது காட்டு மர நாற்றுகள் தலைகாட்டின. அந்த ஆய்வு 1995-இல் வந்தது. டெரிடியத்தில் டாக்குயிலோசைட் என்னும் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு உண்டு. அது மாட்டுக்குப் போய்ப் பாலிலும் கலக்கும். ஆகவே மாட்டை விட்டு மேய்த்துக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனையை விட்டுவிடலாம்.

எல்லாப் புதரையும் பிடுங்க வேண்டும் என்பதும் சரியில்லை. புதிய மண்சரிவில் டைக்ரனோப்டெரிஸ் மண்ணைக் கட்டிப்பிடிக்கிறது. மேலே மரநிழல் விழுந்ததும் தானாக மடிகிறது. மேலே கன்றுகள் தலைநீட்டியிருந்தால் விட்டுவிடுவதே மேல். பத்தாண்டாக ஒரு கன்றும் எழாத, தீ திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மட்டும் கை வைக்கலாம்.

## எண்ணிக்கையைப் படிப்பது எப்படி

பாத்தி என்பது கணக்கெடுக்க அளந்து பிரித்த நிலத்துண்டு. அப்படி இரண்டு பாத்திகளை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. இரண்டிலும் 20 இனங்கள். முதல் பாத்தியில் ஒவ்வோர் இனமும் மொத்தப் பெரணிகளில் 5 சதவீதம். இரண்டாவதில் ஓர் இனம் 81 சதவீதம், மற்ற 19 இனங்களும் ஆளுக்கு 1 சதவீதம். பட்டியலின் நீளம் சமம். ஆனால் இனங்களின் பங்கையும் சேர்த்துக் கணக்கிடும் ஷானன் குறியீட்டை இன எண்ணிக்கையாக மாற்றினால் முதலாவது 20, இரண்டாவது 2.8. மேலோங்கும் இனங்களுக்கு அதிக எடை தரும் சிம்சன் முறையில் இரண்டாவது வெறும் 1.5. புதர் பிடித்த நிலத்தின் ஓரத்தில் வைத்த பாத்தி இப்படித்தான் இருக்கும்.

கலவைக்கு வேறொரு கணக்கு. முதிர்ந்த காட்டில் 30, இளங்காட்டில் 30, பொதுவாக 12 இனங்கள் என்றால், ஜக்கார்ட் ஒற்றுமை, அதாவது பொதுவான இனங்களை இரண்டு காட்டிலும் சேர்த்துள்ள மொத்த இனங்களால் வகுப்பது, 12-ஐ 48-ஆல் வகுத்த 0.25. எண்ணிக்கை நூறு சதவீதம் மீண்டது, கலவை கால்பங்குதான் ஒத்துப்போகிறது. இரண்டையும் தராத அறிக்கை பாதி அறிக்கை.

## களத்தில் தவறும் இடங்கள்

பாத்தி அளவு. 20 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 400 சதுர மீட்டர், பெரணி ஆய்வில் பரவலாகப் பயன்படுவது. மேற்கு அமேசானில் ஹன்னா துவோமிஸ்தோ குழுவினர் 5 மீட்டர் அகலக் கோட்டுப் பாத்திகளைப் பயன்படுத்தி, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத இலையுள்ள செடிகளை மட்டும் எண்ணினார்கள். தொற்றிகளில் தரையிலிருந்து 2 மீட்டருக்குள் இருப்பவையே கணக்கில் சேர்ந்தன. தரைப் பெரணிகளை மண்ணோடு தொடர்புபடுத்த இது சிறந்த முறை. ஆனால் இந்த எல்லையோடு முதிர்ந்த காட்டையும் இளங்காட்டையும் ஒப்பிட்டால், இரண்டும் மிகவும் வேறுபடும் உயரப் பகுதி கணக்குக்கே வராது. தொற்றிகளைச் சேர்ப்பதாயின் மரத்தை அடித்தண்டு, நடுத்தண்டு, கிளையின் உள், நடு, வெளிப் பகுதி என ஐந்து மண்டலங்களாகப் பிரித்துப் பதிவது வழக்கம். கயிறேற முடியாதபோது தொலைநோக்கியும் புதிதாய் விழுந்த கிளைகளும் உதவும். சிறிய சவ்வுப் பெரணிகள் அப்போதும் தப்பும்.

எது ஒரு செடி? படரும் தண்டுள்ள நெஃப்ரோலெபிஸ் ஒன்றே பாத்தி முழுக்க நூறு இலைக்கொத்துகளாகத் தெரியும். எண்ணுவதைவிட மூடிய பரப்பின் சதவீதத்தையோ, சிறு கட்டங்களில் எத்தனையில் தென்படுகிறது என்பதையோ பதிவதே நம்பத்தக்கது.

இனம் காணல். சோரை இல்லாத இளஞ்செடி, வளர்ந்த செடியைப் போலவே இருக்காது. பொல்பிடிஸ், லோமாரியோப்சிஸ் போன்றவற்றில் ஸ்போர் தாங்கும் இலையும் தாங்காத இலையும் வெவ்வேறு வடிவம். ஒரே இனத்தை இரண்டாக எண்ணிவிடுவார்கள். மாதிரி எடுக்கும்போது சோரையுள்ள இலை, இலைக்காம்பின் அடி, அதில் ஒட்டிய செதில்கள், தண்டின் ஒரு துண்டு ஆகிய நான்கும் வேண்டும். காம்பை நடுவில் ஒடித்துக் கொண்டுவந்த மாதிரியைப் பல பேரினங்களில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செதில் போய்விட்டால் அடையாளமும் போயிற்று. இதற்கு மேல், பெரணிகளில் புதிய இனம் தோன்றும் நிகழ்வுகளில் சுமார் 31 சதவீதம் குரோமோசோம் தொகுதி பெருகுவதோடு சேர்ந்தே நடக்கிறது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது இரண்டு இனங்களாக இருப்பதும் உண்டு.

ஒப்பிடும் இடம். இதுதான் மிகப் பெரிய பிழை. சமவெளி எளிதாக உழுதற்குரியது என்பதால் வெட்டப்பட்டது. செங்குத்துச் சரிவு தப்பியது. இளங்காட்டைச் சமவெளியிலும் முதிர்ந்த காட்டைச் சரிவிலும் வைத்து ஒப்பிட்டால், வரும் வித்தியாசம் காட்டின் வயதால் வந்ததா, நிலத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அமேசான் ஆய்வுகள், மண்ணிலுள்ள கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் மாறும்போது தரைப் பெரணிகளின் கலவையும் மாறுவதைக் காட்டின. உயரமும் அப்படியே: கோஸ்டாரிகாவில் 100 மீட்டரிலிருந்து 3,400 மீட்டர் வரை எடுத்த கணக்கில் 484 இனங்கள் கிடைத்தன, மிக அதிக இனங்கள் இருந்தது 1,700 மீட்டர் அளவில். சில நூறு மீட்டர் உயர வேறுபாடே முடிவைப் புரட்டிவிடும். பாத்திக்குள் ஓர் ஓடை குறுக்கிட்டாலும் இதே கதைதான்.

## அறிக்கை கையில் கிடைத்தால் தேட வேண்டியவை

1. காடு முழுவதும் அகற்றப்பட்டதா, தேர்ந்து வெட்டப்பட்டதா? முன்பு அந்த நிலத்தில் என்ன நடந்தது, எத்தனை முறை எரிந்தது?
2. பழைய பெருமரங்கள் எஞ்சியிருந்தனவா? ஒரு மரமே தொற்றுப் பெரணிப் பட்டியலை நீட்டிவிடும்.
3. தொற்றிகள் எந்த உயரம் வரை எண்ணப்பட்டன? லைக்கோஃபைட்டுகள் சேர்ந்தனவா?
4. ஒப்பிட்ட முதிர்ந்த காடு அதே மண்ணில், அதே சரிவில், அதே உயரத்தில் உள்ளதா?
5. சவ்வுப் பெரணிகளும் கிராமிட்டிட் பெரணிகளும் பட்டியலில் உண்டா? அவை ஓடையோரப் பாறையில் மட்டுமா, மரத்தண்டுகளிலுமா? ஓடையோரத்தில் மட்டும் என்றால், ஈரம் இன்னும் பள்ளத்தை விட்டு ஏறவில்லை. இளமரங்களின் தண்டுகளில் இளஞ்செடிகளாக இருந்தால், அந்தக் காட்டின் உட்காற்று ஈரமாகியிருக்கிறது.
6. மக்கும் பெருந்தண்டுகளும் சாய்ந்த மரங்களும் அங்கேயே விடப்படுகின்றனவா, விறகுக்கு அப்புறப்படுத்தப்படுகின்றனவா? மரப்பெரணிகள் வெட்டப்படுகின்றனவா? ஆர்க்கிட் வளர்க்கும் நாருக்காக அவற்றின் தண்டுக்குச் சந்தை உண்டு. சயாத்தியா இனங்களின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருந்தாலும், உள்நாட்டு வெட்டுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. தண்டு போனால் அதன்மேல் ஏறவேண்டிய சவ்வுப் பெரணிகளுக்கு அந்தக் காட்டில் வேறு இடம் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.